எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அரசுப் பள்ளிப் பிள்ளைகள்: நிறுவனத் தன்னார்வலர்கள் என்ன செய்ய வேண்டும்?

கிண்டிக்காரன்:

அனைவருக்கும் வணக்கம். சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரிகிறேன். ஊழியர்களின் தன்னார்வப் பணிகளை ஒருங்கிணைப்பதும் என் பொறுப்பில் உள்ளது. மரம் நடுதல், கடற்கரையைத் தூய்மை செய்தல், நோட்டுப் புத்தகம் வழங்குதல் என்று ஆண்டுதோறும் நடப்பவற்றை விடுத்து, இம்முறை வேறொன்றைச் செய்ய எண்ணியிருக்கிறோம். அலுவலகத்துக்கு அருகிலுள்ள ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியின் எட்டாம் வகுப்பு மாணவர்கள் நாற்பது பேரை எங்கள் ஊழியர்கள் இருபது பேருடன் இணைத்து, எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் கலைக்கூடங்களுக்கும், பின்னர் ஈஞ்சம்பாக்கத்திலுள்ள சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்கும் அழைத்துச் செல்வது திட்டம். ஓர் ஊழியருக்கு இரண்டு பிள்ளைகள். கலையைக் காட்டுவது இதில் ஒரு பகுதிதான். வீட்டையும் பள்ளியையும் தாண்டி, நம்பிப் பேசக்கூடிய ஒரு பெரியவர் அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைக்க வேண்டும் என்பதே முதன்மையான நோக்கம்.

எங்கள் குழுவில் எவருக்கும் கலைப் பயிற்சி கிடையாது. சிற்பத்தின் முன் நின்று பிள்ளைகளிடம் என்ன பேசுவது என்ற தயக்கம் பலருக்கும் இருக்கிறது. மேலிடத்தில் ஏதேனும் ஒரு வெள்ளிக்கிழமையை இதற்கென ஒதுக்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்; அந்த ஒரே நாளில் எல்லாக் கூடங்களையும் காட்டிவிட வேண்டும் என்பதும் அவர்கள் விருப்பம். இத்தகைய பணியில் ஈடுபட்டவர்கள் தங்கள் கருத்தைக் கூறினால் உதவியாக இருக்கும்.

கரிக்கோல்:

தம்பி, முதலில் நடைமுறைச் செய்தி ஒன்று. எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. உங்கள் மேலிடம் ஒதுக்கும் எந்த வெள்ளிக்கிழமையிலும் பூட்டிய கதவைத்தான் பிள்ளைகளுக்குக் காட்ட முடியும்.

நான் ஓர் அரசுப் பள்ளியில் பகுதிநேர ஓவிய ஆசிரியை. எல்லாக் கூடங்களையும் ஒரே நாளில் காட்டும் எண்ணத்தைக் கைவிடுங்கள் என்பதே என் முதல் வேண்டுகோள். 1851-இல் தொடங்கப்பட்ட அந்த அருங்காட்சியகத்தில் திமிங்கில எலும்புக்கூடு முதல் நாணயங்கள் வரை எல்லாமே இருக்கின்றன. முழுவதையும் நடந்து முடித்த பிள்ளைக்குக் கால்வலியும் திமிங்கிலமும் மட்டுமே நினைவில் நிற்கும். மூன்று பொருள்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றின் முன்னும் இருபது நிமிடங்கள் உட்கார வையுங்கள். இருபது நிமிடம் அதிகம் என்று உங்கள் ஊழியர்கள்தான் சொல்வார்களே தவிர, பிள்ளைகள் சொல்லமாட்டார்கள்.

எடுத்துக்காட்டாக, அமராவதிச் சிற்பக்கூடத்தில், மதம்பிடித்த நளகிரி யானையைப் புத்தர் அடக்கிய நிகழ்ச்சியைச் செதுக்கிய வட்டவடிவப் புடைப்புச் சிற்பம் ஒன்று உள்ளது. ஏறத்தாழ கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த சுண்ணாம்புக்கல் வேலைப்பாடு அது. அதன் முன் பிள்ளைகளை அமர்த்தி, கதை எதையும் சொல்லாமல், "இதில் என்ன நடக்கிறது?" என்று மட்டும் கேளுங்கள். "இரண்டு யானைகள் இருக்கின்றன" என்று ஒருவர் தொடங்குவார். ஒரு யானை துதிக்கையால் ஒருவனைப் பற்றி வீசுகிறது, மற்றொன்று மண்டியிட்டிருக்கிறது என்று அடுத்தவர் சேர்ப்பார். மாடத்திலிருந்து எட்டிப் பார்ப்பவர்களையும், அஞ்சி ஒருவர்மேல் ஒருவர் சாய்பவர்களையும் வேறு சிலர் கண்டுபிடிப்பார்கள். சற்று நேரம் பொறுத்திருந்தால், "இரண்டும் ஒரே யானைதான், முதலில் அப்படி இருந்தது, பிறகு இப்படி ஆகிவிட்டது" என்று யாரேனும் ஒரு பிள்ளை சொல்லும். உடனே வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதாடும். அந்த வாதத்தில் தலையிட்டுத் தீர்ப்புச் சொல்லாமல், "எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்?" என்று கேட்பதே பெரியவரின் வேலை.

இந்தக் கேள்விகள் என் கண்டுபிடிப்பு அல்ல. அமெரிக்காவில் அபிகெயில் ஹௌசன், பிலிப் யெனவைன் ஆகிய இருவரும் வகுத்த முறையில் மூன்றே கேள்விகள்தாம் உள்ளன: படத்தில் என்ன நடக்கிறது, எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய், இன்னும் என்ன தெரிகிறது. கலைப் பயிற்சி இல்லாத உங்கள் ஊழியர்கள் இவற்றை ஒரு பிற்பகலில் கற்றுக்கொண்டுவிடலாம். விடையைத் தாங்களே சொல்லிவிடாமல் அடக்கிக்கொள்வதுதான் கடினம். பணியில் உயர்ந்தவர்களுக்கு அது இன்னும் கடினம்.

ஆயினும் அம்முறையை அப்படியே பின்பற்ற வேண்டும் என்று நான் கருதவில்லை. பிள்ளைகள் தாங்களாகப் பார்த்து முடித்த பிறகு, "உண்மையில் அது என்ன கதை?" என்று கேட்பார்கள். அப்போது நளகிரியின் கதையைச் சொல்லத்தான் வேண்டும். கேட்டவருக்குச் சொல்லாமல் மறைப்பது எந்தக் கற்பித்தலிலும் சேராது.

ஊர்க்கணக்கு:

நல்ல மனத்துடன் கேட்கிறார் என்பதால் கடுமையாக எழுதக்கூடாது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் இதன் அடிப்படையையே யாரும் கேள்வி கேட்காமல் விடக்கூடாது. மேலே எழுதிய ஆசிரியை பகுதிநேரப் பணியில் இருப்பவர். 2012-இல் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகிய பாடங்களுக்கு வாரத்தில் மூன்று அரைநாள்கள் என்ற கணக்கில், மாதம் ஐயாயிரம் ரூபாய்த் தொகுப்பூதியத்தில், ஏறத்தாழ 16,000 பேர் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் நியமிக்கப்பட்டார்கள். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் போராடிய செய்தியை நாம் அனைவரும் படித்திருக்கிறோம். ஓவியம் கற்பிக்கப் பயிற்சி பெற்றவரை அரைநாள் கூலியில் நிறுத்திவிட்டு, ஓவியத்தைப் பற்றி ஒன்றும் தெரியாத இருபது பேரைக் குளிரூட்டப்பட்ட பேருந்தில் கொண்டுவந்து இறக்குவதை எப்படிப் பாராட்டுவது?

இத்தகைய பயணங்களின் இறுதி வடிவம் நமக்குத் தெரிந்ததே. நிறுவனப் பெயர் அச்சிட்ட டி-சர்ட், அருங்காட்சியகப் படிக்கட்டில் விரித்துப் பிடித்த பதாகை, குழுப்படம், மறுநாள் லிங்க்டுஇன்னில் நெகிழ்ச்சியான ஒரு பதிவு. படத்தில் பிள்ளைகள் முன்வரிசையில் தரையில் அமர்ந்திருப்பார்கள். அடுத்த ஆண்டு வேறு பள்ளி, வேறு பிள்ளைகள். இதற்கு வழிகாட்டுதல் என்று பெயர் வைப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. பேருந்தும் மதிய உணவும் ஏற்பாடு செய்து, ஆசிரியர் தலைமையில் பிள்ளைகளை அனுப்பிவைத்தால் போதாதா? ஊழியர்கள் எதற்கு?

தாம்பரம் தாசன்:

ஊழியர்கள் எதற்கு என்ற கேள்விக்கு ஒரு விடை உண்டு. நாற்பது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் சென்றால், அவர் நாள் முழுவதும் தலை எண்ணிக்கொண்டிருப்பார்.

தணிக்கை:

நிறுவனங்களின் சமூகப் பொறுப்புச் செலவைச் சரிபார்க்கும் பணியில் இருப்பவன் என்ற முறையில், பணம் தொடர்பான பகுதியை மட்டும் எழுதுகிறேன். நிறுவனங்கள் சட்டம், 2013-இன் 135-ஆம் பிரிவின்படி, 500 கோடி ரூபாய் நிகர மதிப்பு, 1,000 கோடி விற்றுமுதல், 5 கோடி நிகர லாபம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அச்சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் கல்வியும் இருக்கிறது. பாரம்பரியம், கலை, பண்பாடு ஆகியவற்றின் பாதுகாப்பும் இருக்கிறது. ஆகவே கிண்டிக்காரன் கூறும் திட்டத்துக்குச் சட்டத்தில் இடம் உண்டு.

கவனிக்க வேண்டியவை வேறு. தொடர்ச்சியற்ற ஒற்றை நிகழ்வுகள் சமூகப் பொறுப்புச் செலவாகக் கருதப்படமாட்டா என்று 2014 ஜூன் மாதமே மத்திய நிறுவன விவகார அமைச்சகம் சுற்றறிக்கை வழியாகத் தெளிவுபடுத்திவிட்டது. ஊழியர்களுக்குப் பயனளிக்கும் செயல்பாடுகளையும் விதிகள் விலக்கி வைத்துள்ளன. எனவே டி-சர்ட்டுக்கும் ஊழியர் விருந்துக்கும் ஆகும் செலவை இந்தக் கணக்கில் ஏற்றாமல் இருப்பதே நல்லது.

"மார்ச் மாதத்துக்குள் முடித்தாக வேண்டும், இல்லையெனில் பணம் போய்விடும்" என்று உங்கள் நிதிப் பிரிவினர் சொல்லக்கூடும். அது சரியன்று. தொடர் திட்டமாக இயக்குநர் குழு ஒப்புதல் அளித்துவிட்டால், தொடங்கிய நிதியாண்டை நீக்கி மேலும் மூன்று ஆண்டுகள் வரை அத்திட்டம் நீளலாம்; செலவாகாத தொகையை, நிதியாண்டு முடிந்த 30 நாள்களுக்குள் அதற்கென உள்ள தனி வங்கிக் கணக்குக்கு மாற்றிவிட்டால் போதும். எட்டாம் வகுப்பில் தொடங்கிய பிள்ளைகளைப் பத்தாம் வகுப்பு வரை பின்தொடர்வதற்குச் சட்டம் தடையாக இல்லை. பெரும்பாலான நிறுவனங்கள் அப்படிச் செய்யாததற்குக் காரணம், ஒரு நாள் நிகழ்ச்சியை அறிக்கையில் எழுதுவது எளிது என்பதுதான்.

மேடவாக்கம் மலர்:

நான் வங்கி ஊழியர். எங்கள் கிளையிலிருந்து இதேபோல் ஒரு குழுவாகப் பிள்ளைகளை எழும்பூருக்கு அழைத்துச் சென்றிருக்கிறோம். செப்புத் திருமேனிக் கூடத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஏனெனில் தன்னார்வலர்கள் தடுமாறும் இடம் அதுவே.

உள்ளே நுழைந்ததும் சில பிள்ளைகள் செருப்பைக் கழற்றினார்கள். ஒரு சிறுமி கைகூப்பினாள். வேறொரு மாணவன், தன் மதத்தில் இப்படிக் கும்பிடக்கூடாது என்பதால் வெளியே நிற்கலாமா என்று மெதுவாகக் கேட்டான். எங்களுடன் வந்த அலுவலர் ஒருவர், "இது கோயில் இல்லை, சாமி இல்லை, வெறும் சிலை" என்று உரக்கச் சொல்லிவிட, கைகூப்பியவளின் முகம் வாடிவிட்டது. கும்பிட விரும்புபவர் கும்பிடலாம், கும்பிட வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை, எல்லோரும் உற்றுப் பார்க்கலாம் என்று அவர்களின் தமிழாசிரியை சொன்ன பிறகே கூடம் இயல்புநிலைக்கு வந்தது. இதைப் பயணத்துக்கு முன்பே தன்னார்வலர்களுடன் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். ஆடையற்ற உருவங்களைக் கண்டு பிள்ளைகள் சிரிப்பார்கள் என்பதையும் எதிர்பாருங்கள். அதற்கு அதட்டல் தேவையில்லை. கோயிலில் பட்டும் மாலையும் சாத்திய நிலையிலேயே பார்த்துப் பழகிய உருவத்தை, உலோகமாக மட்டும் பார்ப்பது அவர்களுக்கு முதல்முறை.

திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் முன்னால்தான் நாங்கள் அதிக நேரம் நின்றோம். வலப்புறம் இரண்டு கைகள், இடப்புறம் ஒரே கை என்பதை முதலில் கண்டவன் வகுப்பில் வாயே திறக்காதவன் என்று பின்னர் ஆசிரியை சொன்னார். ஏன் ஒரு கை குறைகிறது என்று தொடங்கிய பேச்சு, நிற்கும் ஒய்யாரம், இடுப்பின் வளைவு, இருபுறமும் மாறுபடும் ஆடை என்று வளர்ந்துகொண்டே போனது.

ஊர்க்கணக்கு ஐயா கேட்ட "ஊழியர்கள் எதற்கு" என்பதற்கும் அங்கேயே ஒரு விடை கிடைத்தது. தந்தை அம்பத்தூரில் வார்ப்படப் பட்டறையில் வேலை பார்க்கும் மாணவன் ஒருவன், விரல் நுனி வரை உருக்கிய உலோகம் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று கேட்டான். எங்கள் குழுவில் இயந்திரப் பொறியியல் படித்துவிட்டுக் கடன் பிரிவில் கோப்புப் பார்க்கும் ஒருவர் இருந்தார். மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் மண் பூசிக் காயவைத்து, சூடேற்றி மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றி, ஆறிய பிறகு மண்கூட்டை உடைப்பார்கள் என்றும், அச்சு உடைந்துவிடுவதால் ஒவ்வொரு சிலையும் ஒன்றே ஒன்றுதான் என்றும், சுவாமிமலையில் இன்றும் அப்படித்தான் வார்க்கிறார்கள் என்றும் அவர் விளக்கினார். காற்று வெளியேற வழி வைக்காவிட்டால் உலோகத்தில் ஓட்டை விழும் என்பதை அந்த மாணவன் அவருக்குச் சொன்னான். அவன் பட்டறையில் பார்த்திருக்கிறான். கலை தெரியாது என்று தயங்கும் உங்கள் ஊழியர்களுக்கு வேறு பல தெரியும், பிள்ளைகளுக்கும் அப்படியே.

குழந்தைநேயம்:

நம்பிப் பேசக்கூடிய பெரியவர் என்ற சொற்றொடரைப் படித்ததும் எழுதத் தோன்றியது. குழந்தைகள் நலத்துறையில் பணியாற்றியவள் நான். பிள்ளையின் நம்பிக்கையைப் பெறும் எந்த ஏற்பாட்டிலும் பாதுகாப்பு ஏற்பாடு முன்னதாகவே இருக்க வேண்டும். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தைப் பற்றித் தன்னார்வலர் ஒவ்வொருவருக்கும் விளக்க வேண்டும். எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையுடனும் தனித்திருக்கும் சூழல் வரக்கூடாது. ஓர் ஊழியருக்கு இரண்டு பிள்ளைகள் என்பதைவிட, இரண்டு ஊழியர்களுக்கு நான்கு பிள்ளைகள் என்பது பொருத்தம். கைபேசி எண் பரிமாற்றமும், பின்னர் வாட்ஸ்அப்பில் தனிச்செய்தி அனுப்புவதும் வேண்டாம். தொடர்பு முழுவதும் பள்ளி வழியாகவே நடக்கட்டும். குடும்பத்தில் நடக்கும் கொடுமையைப் பற்றிப் பிள்ளை ஏதேனும் சொல்லிவிட்டால், தன்னார்வலர் தானே துப்பறியத் தொடங்காமல் யாரிடம் தெரிவிக்க வேண்டும் என்பதும், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

படம் எடுப்பதற்குப் பெற்றோரின் எழுத்துவழி ஒப்புதல் தேவை. அந்த ஒப்புதலைப் பயண அனுமதிப் படிவத்தின் அடியில் ஒரு வரியாக நுழைத்து வாங்குவது முறையன்று. படம் வேண்டாம் என்று சொன்ன வீட்டுப் பிள்ளையும் பேருந்தில் ஏற முடிய வேண்டும்.

ஆய்வுப்பித்தன்:

இந்த இழையில் இரண்டு வேறு பொருள்கள் ஒன்றாகக் கலந்துவிட்டன என்று தோன்றுகிறது. கலைக்கூடப் பயணம் ஒன்று; வழிகாட்டும் உறவு மற்றொன்று. இவை பற்றிய சான்றுகளும் வெவ்வேறு திசையில் செல்கின்றன.

அமெரிக்காவின் ஆர்கன்சாஸ் மாநிலத்தில், பென்டன்வில் நகரில், 2011 நவம்பரில் கிரிஸ்டல் பிரிட்ஜஸ் கலை அருங்காட்சியகம் திறக்கப்பட்டபோது, பள்ளிகளிடமிருந்து கொள்ளளவுக்கு மீறிய விண்ணப்பங்கள் வந்தன. ஆர்கன்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதைப் பயன்படுத்தி, குலுக்கல் முறையில் யார் முதலில் செல்வது என்று முடிவு செய்து, சென்றவர்களையும் காத்திருந்தவர்களையும் ஒப்பிட்டார்கள். 123 பள்ளிகள், ஏறத்தாழ 11,000 மாணவர்கள். ஒரு மணிநேரத்தில் ஐந்து ஓவியங்களைப் பார்த்துப் பேசுவதுதான் அந்தப் பயணம். சில வாரங்கள் கழித்து, அதுவரை கண்டிராத ஓர் ஓவியத்தைப் பற்றி எழுதச் சொன்னபோது, சென்று வந்தவர்கள் கூர்ந்து நோக்கிக் காரணம் காட்டி எழுதினார்கள். சிற்றூர்ப் பள்ளிகளிலும் ஏழைப் பிள்ளைகள் மிகுந்த பள்ளிகளிலும் பயன் கூடுதலாக இருந்தது. மேப்பிள் மரச்சாற்றிலிருந்து சர்க்கரைப்பாகு காய்ச்சும் காட்சியைக் கொண்ட ஓவியம் ஒன்றை அவர்கள் பார்த்திருந்தார்கள். அடிமைகளின் உழைப்பில் விளைந்த கரும்புச் சர்க்கரைக்கு எதிராக, அடிமைமுறை ஒழிப்பாளர்கள் செய்த வேலை அது என்ற செய்தியை, அந்த ஓவியத்தைப் பார்த்தவர்களில் 88 விழுக்காட்டினர் நினைவில் வைத்திருந்தார்கள். தேர்வு எதுவும் இல்லாமலே! ஆகவே ஒரே பயணம் வீண் என்று ஊர்க்கணக்கு சொன்னால் அதை நான் ஏற்கமாட்டேன். ஆனால் அங்கே பேச்சை நடத்தியவர்கள் அருங்காட்சியகத்தின் பயிற்சி பெற்ற கல்வியாளர்கள் என்பதையும் மறக்கக்கூடாது.

வழிகாட்டும் உறவின் கதை வேறு. ஜீன் கிராஸ்மன், ஜீன் ரோட்ஸ் ஆகிய இருவரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவில் தன்னார்வப் பெரியவர்களுடன் இணைக்கப்பட்ட வளரிளம் பருவத்தினரைப் பார்த்தார்கள். ஓராண்டும் அதற்கு மேலும் நீடித்த இணைகளில்தான் நன்மை மிகுந்திருந்தது. மூன்று மாதங்களுக்குள் முறிந்த இணைகளிலோ, பிள்ளைகளின் தன்மதிப்பு, பெரியவரே கிடைக்காத பிள்ளைகளுடையதைவிடக் கூடுதலாகச் சரிந்திருந்தது. அதாவது, வந்து பழகிப் பாதியில் போவது, வராமலே இருப்பதைவிடக் கெடுதி.

எனவே கிண்டிக்காரன் தம் நிறுவனத்தால் எதைத் தரமுடியும் என்று முதலில் முடிவு செய்யட்டும். ஒரு நாள்தான் தரமுடியும் என்றால், அதை நல்ல கலைக்கூடப் பயணமாகச் செய்யலாம். அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் பிள்ளைகளிடம், "நான் உனக்கு வழிகாட்டி" என்று சொல்லக்கூடாது. சொல்லிவிட்டால் ஓராண்டாவது வந்தாக வேண்டும்.

கிண்டிக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. வெள்ளிக்கிழமைச் செய்தியை மேலிடத்தில் சொன்னதும் ஒரு நிமிடம் அமைதி நிலவியது. பின்னர் சனிக்கிழமை ஒப்புக்கொள்ளப்பட்டது. சனிக்கிழமை என்றதும் பெயர் கொடுத்திருந்த இருபது பேரில் சிலர் விலகிவிட்டார்கள். எஞ்சியவர்கள் உண்மையாகவே வர விரும்புபவர்கள் என்பதால் அதை நன்மையாகவே கொள்கிறேன்.

ஆய்வுப்பித்தன் கூறிய வேறுபாட்டை அப்படியே எடுத்துச் சென்று பேசினேன். ஓராண்டுக்கு, மாதம் ஒருமுறை, அதே பிள்ளைகளும் அதே ஊழியர்களும் என்பது ஏற்கப்பட்டுள்ளது. எல்லா மாதமும் எழும்பூருக்குச் செல்ல இயலாது. இடைப்பட்ட மாதங்களில் ஊழியர்கள் பள்ளிக்குச் சென்று, பார்த்த பொருளைப் பற்றிப் பிள்ளைகளுடன் வரையவும் பேசவும் வேண்டும். மலர் அம்மா எழுதிய மெழுகு வார்ப்புச் செய்தியைப் படித்த எங்கள் தரச்சோதனைப் பிரிவினர், தாங்களும் அந்தக் கூடத்துக்குத்தான் போக வேண்டும் என்று அடம் பிடிக்கிறார்கள்.

சிக்கல் ஒன்று எஞ்சியிருக்கிறது. எத்தனை பிள்ளைகள் பயன்பெற்றார்கள் என்ற எண்ணிக்கையை நிர்வாகம் கேட்கிறது. ஒரே நாற்பது பேருக்கு ஓராண்டு என்றால், "கடற்கரையைத் தூய்மை செய்தபோது ஐந்நூறு பேர் என்று எழுதினோமே" என்கிறார்கள். எங்கள் துறையில் ஊழியர்கள் வேலை மாறுவதும் அடிக்கடி நடப்பது. ஆறாவது மாதத்தில் ஒருவர் வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டால் அவருடைய பிள்ளைகளுக்கு என்ன சொல்வது?

குழந்தைநேயம்:

இரண்டு பெரியவர், நான்கு பிள்ளைகள் என்று நான் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம். ஒருவர் விலகினாலும் மற்றவர் இருப்பார். விலகுபவர் நேரில் வந்து, தான் வேலை மாறுவதைப் பிள்ளைகளிடம் சொல்லி விடைபெற வேண்டும் என்பதைத் தொடக்கத்திலேயே நிபந்தனையாக வையுங்கள். காரணம் தெரியாமல் ஒருவர் காணாமல் போகும்போது, பிள்ளை தன் மேல்தான் ஏதோ குறை என்று எண்ணிக்கொள்கிறது. ஓராண்டுக்குப் பிறகு இது முடியும் என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

தணிக்கை:

எண்ணிக்கை பற்றி: நாற்பது பேர், பன்னிரண்டு சந்திப்புகள் என்று எழுதினால் 480 அமர்வுகள் ஆகின்றன. ஐந்நூறுக்கு அருகில் வந்துவிட்டீர்கள். இது வேடிக்கைக்காகச் சொன்னது. ஆனால் உங்கள் நிர்வாகம் ஏற்றுக்கொண்டால் நான் வியப்படையமாட்டேன்.

ஊர்க்கணக்கு:

ஓராண்டு என்றதை வரவேற்கிறேன். ஒரே பயணத்துக்கும் பயன் உண்டு என்று ஆய்வுப்பித்தன் தந்த சான்றையும் மறுக்கவில்லை. எனினும் என் முதல் கேள்வி அப்படியே இருக்கிறது. அந்தப் பள்ளியின் ஓவிய ஆசிரியர் இந்தத் திட்டத்தில் எங்கே இருக்கிறார்? எந்தச் சிற்பம், எந்த மாதம், வகுப்பில் அடுத்து என்ன என்பதை அவர் முடிவு செய்யட்டும். பகுதிநேரப் பணியாளர் சனிக்கிழமை வந்தால் அது ஊதியமற்ற உழைப்பு. அதற்குரிய மதிப்பூதியத்தைப் பள்ளி வழியாகத் திட்டச் செலவில் சேருங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் இருக்கிறார்கள். அவர்களிடம் திட்டத்தை எடுத்துச் சொல்லி ஒப்புதல் பெறுங்கள். இவற்றைச் செய்துவிட்டால் எதிர்ப்பாக நான் சொல்வதற்கு அதிகம் இல்லை. டி-சர்ட்டை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

ஆய்வுப்பித்தன்:

ஊர்க்கணக்கின் கருத்துக்கு வலுச்சேர்க்கும் ஓர் எடுத்துக்காட்டு. லண்டன் தேசியக் கலைக்கூடம் 1995 முதல் தொடக்கப் பள்ளிகளுக்காக ஒரு திட்டம் நடத்துகிறது. ஒவ்வொரு முறையும் தன் சேகரிப்பிலிருந்து ஒரே ஓர் ஓவியத்தைத் தேர்ந்தெடுத்து, அதிலிருந்து வகுப்பில் என்ன செய்வது என்பதை ஆசிரியர்களிடமும் பிள்ளைகளிடமும் விட்டுவிடுகிறது. அதே படத்திலிருந்து ஒரு பள்ளி அறிவியலுக்குப் போகும், மற்றொன்று தையலுக்குப் போகும். பிள்ளைகளின் ஆக்கங்கள் பின்னர் கலைக்கூடத்திலேயே காட்சிக்கு வைக்கப்படுகின்றன. அங்கும் திட்டத்தின் நடுவில் நிற்பவர் வகுப்பாசிரியர்தான்.

கரிக்கோல்:

ஊர்க்கணக்கு ஐயா, எங்களுக்காகப் பேசியதற்கு நன்றி.

தம்பி, சோழமண்டலத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் அதை மட்டும் சேர்க்கிறேன். அதைக் கடைசியில் வையுங்கள். ஆண்டின் இறுதி மாதங்களில் போதும். எழும்பூரில் கதை இருக்கிறது, உருவம் இருக்கிறது, பிள்ளைகள் பற்றிக்கொள்ள இடம் உண்டு. சோழமண்டலத்தில் பல படங்களில் அவை இரா. அங்கே ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரின் "சொற்களும் குறியீடுகளும்" என்ற வரிசைப் படம் ஏதேனும் காட்சியில் இருந்தால் அதன் முன் உட்காருங்கள். ஜாதகக் கட்டம் போலவும் கணக்குச் சூத்திரம் போலவும் தோன்றும் எழுத்துகள் நிறைந்திருக்கும். எவராலும் படிக்க முடியாது. படிக்க முடியாத எழுத்தைக் கண்டு உங்கள் ஊழியர்கள் தயங்குவார்கள், பிள்ளைகளோ உடனே படிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

"படம் வரைந்து பிழைக்க முடியுமா?" என்ற கேள்வியும் அங்கே கட்டாயம் வரும். பல வீடுகளில் பெற்றோர் கேட்கும் கேள்வி அது. அதற்கு அந்த இடத்தின் வரலாற்றிலேயே நேர்மையான விடை இருக்கிறது. 1966-இல் அந்தக் கிராமத்தைத் தொடங்கிய ஓவியர்கள், ஓவியம் விற்றுப் பிழைக்க முடியாது என்று அறிந்துதான், பாத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்று, அந்த வருவாயில் நிலம் வாங்கினார்கள். முடியும் என்றோ முடியாது என்றோ நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் செய்ததைச் சொல்லுங்கள். உங்கள் ஊழியர்களில் வடிவமைப்புத் துறையில் மாதச் சம்பளம் வாங்குபவர் எவரேனும் இருந்தால், அவரை அன்று கட்டாயம் வரச் சொல்லுங்கள்.

முதல் பயணத்துக்குப் பட்டியல் கேட்டிருந்தால் இதைத்தான் கொடுப்பேன்: காலையில் நளகிரி, பிறகு திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர், உணவுக்குப் பின் பிள்ளைகள் தாங்களே தேர்ந்தெடுக்கும் ஏதேனும் ஒரு பொருள். மூன்றாவது திமிங்கிலமாக அமைந்துவிட்டாலும் தடுக்காதீர்கள். ஒவ்வொருவர் கையிலும் கோடு போடாத ஏடும் பென்சிலும் இருக்கட்டும், தன்னார்வலர் கையிலும் அப்படியே. பேனா வேண்டாம். அனுமதிக் கடிதத்தைத் தலைமையாசிரியர் கையொப்பத்துடன் அருங்காட்சியக அலுவலகத்துக்கு முன்கூட்டியே அனுப்பி, எந்தெந்தக் கூடம் அன்று திறந்திருக்கும் என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பராமரிப்புக்காக ஏதேனும் ஒன்று மூடியிருப்பது உண்டு.